மேல்பாதி அண்ணன்ட, கீழ்பாதி என்ட

கல்லடிப் பாலத்தின்ட நடுவில என்ட கார் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நிண்ட அண்டைக்கு, பின்னால வந்த ஓட்டோக்காரன் தலையை வெளியில நீட்டி, "என்ன டீச்சர், டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கிறீங்களா?" எண்டு கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை ஓட்டோவோட தூக்கி வாவிக்குள்ள போட்டிருப்பன். ஆனா அவன்தான் இறங்கி வந்து தள்ளியும் விட்டவன். அதனால திட்டினதைப் பாதியில நிப்பாட்டி, நன்றி சொல்ல வேண்டியதாப் போச்சு.

நான் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறன். வயசு ஐம்பதைத் தாண்டிட்டு. கூரையை மடிச்சுவிடுற, ரெண்டே ரெண்டு சீட் உள்ள பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரில சீலையும் கட்டிக்கொண்டு ஒரு பொம்புள பள்ளிக்கூடம் போறாள் எண்டால் இந்த ஊருக்கு எப்பவும் ஒரு சிரிப்பு. சிரிக்கட்டுமே. பெற்றோல் அடிக்கிறது நான். அந்தக் கார் நான் பிறக்கிறதுக்கு முதலே இங்கிலாந்தில செய்தது. புளியந்தீவில இருந்த ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோகக்குள்ள அப்பா அவங்களிட்ட வாங்கினவர்.

கராஜில பொனட்டைத் திறந்து, ஓயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால், ஓயில் பால் தேத்தண்ணி நிறத்தில கிடக்கு. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "ஹெட் வெடிச்சிட்டு டீச்சர். தண்ணியும் ஓயிலும் கலக்குது. இதை ஒட்டிச் சரிப்பண்ண ஏலாது. வேற ஹெட்தான் போடணும்."

எஞ்சினைக் குறுக்கால ரெண்டாப் பிரிச்சால், கீழ்பாதிதான் புளொக். பிஸ்டன் ஏறி இறங்குறது அதுக்குள்ள. அதுக்கு மேல மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது ஹெட். வால்வ் எல்லாம் அதிலதான். என்ட புளொக் கல்லுமாதிரி நல்லாக் கிடக்கு, ஹெட்தான் போயிட்டு.

"வேற ஹெட்டுக்கு நான் எங்க போறது?" எண்டு கேட்டன்.

மெக்கானிக் கையைத் துடைச்சுக்கொண்டே வேற பக்கம் பார்த்தார். "உங்கட அண்ணனிட்டக் கிடக்குதானே."

ஊர் முழுக்கத் தெரிஞ்ச கதை இது. உங்களுக்கும் சொல்லிப்போடுறன்.

எங்கட பக்கத்தில வீடும் வளவும் பொம்புளப் பிள்ளைக்குத்தான். ஆம்புளப் பிள்ளை கலியாணம் முடிச்சால் பெண்டாட்டி வீட்டுக்குப் போயிடணும். என்ட அண்ணன் மண்டூரில கலியாணம் முடிச்சு வாவிக்கு அங்கால போயிட்டார். புளியந்தீவு வீடு எனக்குச் சீதனமா வந்திச்சு, என்ட மனிசனும் வந்து சேர்ந்தார். அப்பா இருந்த மட்டும் கார் கொட்டிலுக்குள்ள நிண்டுது, அவரே ஓட்டினார், ஒருத்தருக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. அப்பா போய் முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்ச அண்டைக்குத்தான் அண்ணன் கார்ச் சாவியைக் கேட்டார்.

நான் குடுக்கல்ல. வளவுக்குள்ள கிடக்கிறதெல்லாம் மகளுக்கு எண்டு அப்பா தன்ட வாயாலயே சொன்னவர். அதை அண்ணனும் காதாலக் கேட்டவர். "சின்னனில இருந்து அந்தக் காருக்குக் கீழ படுத்தெழும்பினது நான்" எண்டார் அண்ணன். "ஓட்டப் பழகினது நான்" எண்டன் நான். சொல்லுக்குச் சொல் வளர்ந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சனமெல்லாம் இலையை விட்டு எழும்பிட்டு. அண்ணன் கடைசியாச் சொன்னார்: "இனி இந்த வீட்டுப் பச்சைத்தண்ணியும் என்ட தொண்டையில இறங்காது."

அதோட போனவர்தான். போய்ச் சும்மா இருந்தாரா? மலையகத்தில ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில தூசி பிடிச்சுக் கிடந்த அதே மாதிரிக் கார் ஒண்டைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்தார். அதே நிறம், அதே முகம், கூரையும் அப்பிடியே. "இது அதுக்கு இரட்டைப்பிள்ளை" எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். பட்டினத்துக்கு வரக்குள்ளயெல்லாம் எங்கட கேற்றுக்கு முன்னால ஒருக்கா வேண்டுமெண்டே எஞ்சினை உறுமவிட்டுப் போவார். நான் குசினிக்குள்ள நிண்டு பல்லைக் கடிப்பன். என்ட மனிசன் சிரிப்பார். "அண்ணன் வந்திட்டுப் போறார், தேத்தண்ணி ஊத்தவா?" எண்டு என்னைக் கிண்டுவார்.

மறுகா ஒரு நாள் மண்டூர் வயல் வட்டைக்குள்ளால போகக்குள்ள, நெல் வெட்டுக் காலத்து வெக்கையில, அண்ணன்ட எஞ்சினுக்குள்ள ஒரு தண்டு முறிஞ்சு புளொக்கைக் குத்திக்கொண்டு வெளியில வந்திட்டு. கீழ்பாதி சரி வராது. மேல்பாதி புதுசு மாதிரிக் கிடந்தது. அவர் காரைப் படங்கால மூடி நெல் மூட்டைக்குப் பக்கத்தில விட்டிட்டார். உறுமல் சத்தம் நிண்டுபோச்சு. எனக்கு அது நிம்மதியா இருந்திச்சு எண்டு நினைச்சன். இல்ல. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காது றோட்டுப் பக்கமே போகும்.

நான் ஒண்டையும் ஒளிக்கிற ஆளில்ல, அதனால நேரே சொல்றன். எனக்குக் கார் ஓடணும், உண்மைதான். ஆனா அதைவிட அண்ணன் எங்கட படி ஏறணும். அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. என்னை "தங்கச்சி" எண்டு கூப்பிட உலகத்தில வேற ஆர் இருக்கா? அதுக்காகச் சாவியைக் குடுப்பனா எண்டு கேட்டால், இப்பவும் குடுக்கமாட்டன். கார் என்டதுதான்.

தூது போனது என்ட மனிசன். அவர் பல் கட்டுறவர். டாக்குத்தர்மார் அளவெடுத்து அனுப்ப, எங்கட முன்னறையில இருந்து செயற்கைப் பல் செய்து குடுப்பார். காரைப் பற்றி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டது மட்டும். ஆனா வாய்க்கு ஏத்த பல்லைப் போலவே ஆளுக்கு ஏத்த கதையும் செய்வார். குருமண்வெளித் துறையில பாதைப் படகு ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனார். பின்னேரம் முகமெல்லாம் சிரிப்போட வந்து இறங்கினார்.

"ஹெட் தாறாராம்."

எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. "என்னவாம்? திட்டினாரா?"

"திட்டினார். ஒரு மணித்தியாலம் திட்டினார். முடிய, தாறன் எண்டார். ஆனா தானே வந்துதான் பூட்டுவாராம். வேற ஒரு நாயும் அதில கை வைக்கப்படாதாம்."

"தண்ணி?"

"அது அப்பிடியேதானாம்."

காரைக் கராஜில இருந்து இழுப்பிச்சு எங்கட கொட்டிலுக்குள்ள விட்டம். அண்ணன் ஒரு சனிக்கிழமை வந்தார். ஹெட்டைப் படுக்கை விரிப்பில சுத்திப் பிள்ளைமாதிரித் தூக்கிக்கொண்டு ஓட்டோவால இறங்கினார். மற்றக் கையில ஒரு பை. அதுக்குள்ள ரெண்டு பெரிய போத்தலில மண்டூர்த் தண்ணி, வாழையிலையில அண்ணன்ட மனிசி, என்ட மச்சாள், கட்டிக் குடுத்த சோறு. தலைமயிர் முழுக்க நரைச்சிட்டு. "வாங்கண்ணே" எண்டன். அவர் என்னைப் பார்க்கல்ல, என்ட மனிசனைப் பார்த்தார்.

"மச்சான், கொட்டில் திறந்து கிடக்கா எண்டு உங்கட மனிசியிட்டக் கேளுங்க."

நான் அங்கதான், கையெட்டுற தூரத்தில நிக்கன்!

"திறந்துதான் கிடக்கு எண்டு உங்கட மச்சானிட்டச் சொல்லுங்க" எண்டன் நானும். எனக்கென்ன, எனக்கும் வாய் இருக்குதானே. என்ட மனிசன் பாவம், நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நோகுது எண்டார்.

அப்பிடித்தான் அந்த வேலை நடந்தது. நான் ஸ்பானரை எடுத்து மனிசனிட்டக் குடுப்பன், அவர் அதை அண்ணனிட்டக் குடுப்பார். தண்ணி வடிச்சு, காபரேட்டர் கழட்டி, மேல் நட்டெல்லாம் தளர்த்தினாங்க. பழைய ஹெட் இறுகிப்போய்க் கிடந்தது. அண்ணன் மரக்கட்டை வைச்சு நாலு பக்கமும் மெல்லத் தட்டினார். நான் "மெதுவா, மெதுவா" எண்டு கத்திக்கொண்டே நிண்டன். "மச்சான், இது ஆர் வேலை செய்யிறது எண்டு கேளுங்க" எண்டார். கடைசியில க்ளுக் எண்டு விட்டுக்குடுத்திச்சு. ரெண்டு பேரும் தூக்கி ஓரமா வைச்சாங்க. ரெண்டாவது சிலிண்டருக்குப் பக்கத்தில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. அவ்வளவுதான். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

இனித் தூக்கி மற்றதை வைக்கிறதுதானே எண்டு நான் நினைச்சன். அண்ணன் வைக்கல்ல. என்ட புளொக்கையும் தன்ட ஹெட்டையும் மாறி மாறிப் பார்த்தார், விரலால அளந்தார், தலையைச் சொறிஞ்சார்.

"மச்சான், கொஞ்சம் கோதம்ப மா குழைச்சுத் தரச் சொல்லுங்க."

"எதுக்காம்?"

"ஹெட்டை வைச்சு எஞ்சினைச் சுத்தக்குள்ள வால்வ் புளொக்கில முட்டுதா எண்டு பார்க்கணும். முட்டுற இடத்தில மாவை வைச்சுப் பூட்டி, கையால ஒரு சுத்துச் சுத்திக் கழட்டினால் மா சொல்லும். மா தடிப்பா இருந்தால் நல்லது. வெட்டுப்பட்டிருந்தால் முட்டுது."

என்ட மனிசனுக்குக் கண் வெளிச்சிட்டுது. "அட, இது எங்கட வேலை மச்சான்! மேல் பல்லும் கீழ் பல்லும் எங்க முட்டுது எண்டு பார்க்க நாங்க மெழுகு வைக்கிறம்."

நான் ஒரு சுண்டு மா எடுத்து, கொஞ்சம் உப்பும் போட்டுக் குழைச்சன். பழக்கதோசம், மாவுக்கு உப்புப் போடாமல் குழைக்க எனக்குக் கை வராது. அதில நாலு உருண்டை எடுத்து அண்ணன் புளொக்கின்ட விளிம்பில ஒட்டினார். ஹெட்டை வைச்சார். நட்டு ஓட்டையெல்லாம் தாலிக்கொடி கொளுவின மாதிரிச் சரியாப் பொருந்திச்சு. முன்னால கைபிடிக் கம்பியைப் போட்டு என்ட மனிசன் மெல்லச் சுத்தினார். மறுகா தூக்கிப் பார்த்தாங்க.

நாலு உருண்டையும் இரும்பு தெரியிற அளவுக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது.

அண்ணன் குனிஞ்சு ஹெட்டின்ட பக்கத்தில இருந்த கறளைச் சுரண்டி, அதில அச்சு வார்த்திருந்த இலக்கத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போச்சு. அவர்ட கார் வெளியில இரட்டைப்பிள்ளைதான். உள்ளுக்குள்ள ஆரோ எப்பவோ கொஞ்சம் பெரிய எஞ்சின் மாத்திப் போட்டிருக்காங்க. பெரிய எஞ்சின்ட ஹெட், அதனால வால்வும் பெரிசு. இவ்வளவு காலமும் அவருக்கே அது தெரியாது.

விடுவனா நான்? "இரட்டைப்பிள்ளை எண்டுதானே ஊரெல்லாம் கதை?" எண்டு என்ட மனிசனிட்டக் கேட்டன், நல்லா உரத்து.

"இரட்டையிலயும் ஒண்டு பெருத்து வளரும் எண்டு சொல்லுங்க மச்சான்" எண்டார் அண்ணன். சொல்லிப்போட்டுத் தானே சிரிச்சிட்டார். எனக்கும் சிரிப்பு வந்திட்டு, ஆனா திரும்பி நிண்டு சிரிச்சன்.

அவங்க ரெண்டு பேரும் இனி என்ன செய்யிறது எண்டு மண்டையைப் போட்டு உடைக்க, நான் குசினிக்குப் போனன். குழைச்ச மாவில முக்கால்வாசி மிச்சம் கிடந்தது. கொட்ட மனம் வரல்ல. தேங்காய்ப்பூவையும் வெங்காயத்தையும் போட்டுப் பிசைஞ்சு ரொட்டி சுட்டன். கட்டச்சம்பலும் இடிச்சன். மனிசனுக்கு எண்டு ஒரு பீங்கானில போட்டுக் கொண்டுபோய்க் காரின்ட மட்கார்டில வைச்சன்.

அண்ணன் புளொக்கைப் பார்த்தபடியே கதைச்சுக்கொண்டிருந்தார். "வால்வைச் சின்னனாக்கலாம்... இல்ல, இடையில வைக்கிற கேஸ்கட்டைத் தடிப்பாப் போடலாம்... அது சரி வராது..." எண்டு சொல்லிக்கொண்டே கையை நீட்டி ஒரு துண்டு ரொட்டியைப் பிய்ச்சு, சம்பலில தோய்ச்சு, வாயில போட்டார். மெண்டார். விழுங்கினார். அடுத்த துண்டு எடுத்தார்.

என்ட மனிசன்ட கண் ரெண்டும் பிதுங்குது. வாயைத் திறக்கப் போறார் எண்டு தெரிஞ்சு அவர்ட விலாவில நல்லாக் கிள்ளினன். "ஆ!" எண்டார். "என்ன மச்சான்?" எண்டார் அண்ணன். "நுளம்பு" எண்டார் இவர். எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியில குழைச்ச மா, எங்கட வீட்டு உப்பு, ஒரு ரொட்டி முழுசா அண்ணன்ட வயித்துக்குள்ள போயிட்டு. சம்பல் உறைக்க, "ஸ்ஸ்" எண்டு கொண்டு தன்ட பையைத் திறந்து மண்டூர்த் தண்ணியை எடுத்துக் குடிச்சார். சத்தியம் காப்பாத்தப்பட்டுது! நான் குசினிக்குள்ள ஓடிப்போய், சீலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கொண்டு சிரிச்சன், அழுதன், ரெண்டும்தான்.

அடுத்த நாள் அவர் சோத்துப் பார்சல் இல்லாமல் வந்தார். வந்து, "மச்சான், நேத்துச் சம்பலில உப்புக் கூட எண்டு சொல்லுங்க" எண்டார். நான் உப்பைக் குறைச்சுச் சமைச்சன்.

ஆனா அண்டைக்குத்தான் பெரிய சண்டையும் வந்தது.

அண்ணன் இரவெல்லாம் யோசிச்சிட்டு வந்திருந்தார். வழி ஒண்டுதான். வால்வ் இறங்குற இடத்தில புளொக்கின்ட விளிம்பைப் பிறை மாதிரிக் கொஞ்சம் தேய்ச்செடுக்கணும். நாலு இடத்தில. அப்ப வால்வுக்கு இடம் கிடைக்கும். கொஞ்சம் கூடத் தேய்ச்சால் பிஸ்டன்ட வளையம் வரைக்கும் போயிடும், அதோட புளொக்கும் குப்பைதான். அவர்ட கார் ஏற்கனவே கிடையில கிடக்கு, என்டதும் கிடையில விழும். இரும்பை வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப வளராது.

"ஏலாது!" எண்டன். "அப்பாட புளொக்கில ஒருத்தரும் வெட்ட ஏலாது! உங்கட எஞ்சினை உடைச்சது காணாதா, இதையும் உடைக்க வந்தீங்களா? வேண்டாம், ஹெட்டைக் கொண்டுபோங்க, கார் அப்பிடியே கிடந்து உக்கட்டும்!" என்னென்ன சொன்னன் எண்டு எனக்கே நினைவில்ல. முன்வீட்டு நாயும் குலைக்கத் தொடங்கிட்டு. நான் ஆத்திரத்தில என்ட மனிசனை இடையில விட மறந்து, அண்ணனுக்கு நேரே நிண்டு கத்திக்கொண்டிருந்தன்.

அண்ணனும் மறந்திட்டார்.

"வாயைக் கட்டு தங்கச்சி!" எண்டு ஒரு அதட்டு அதட்டினார்.

தங்கச்சி. எத்தனை வருசத்துக்குப் பிறகு. ஏச்சுத்தான், ஆனாலும் எனக்கெண்டு நேரே சொன்ன ஏச்சு.

அவர் அதைச் சும்மா சொல்லல்ல. மண்டூர் முருகன் கோயிலில பூசை செய்யிறவர் வாயைத் துணியால கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரமும் இல்ல, சத்தமும் இல்ல. அந்த ஊரில இருந்து இருந்து அண்ணனுக்கும் அது பிடிச்சிட்டு. நுணுக்கமான வேலை எண்டால் லேஞ்சித் துணியை எடுத்து வாயைக் கட்டிக்கொள்வார், ஒரு வார்த்தை பேசமாட்டார். இண்டைக்கும் அப்பிடித்தான் கட்டினார். மறுகா பொக்கற்றுக்குள்ள இருந்து தோய்ச்சு மடிச்ச இன்னொரு லேஞ்சியை எடுத்து என்னட்ட நீட்டினார். கண்ணால கேட்டார்.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். வேற வழி இருக்கா எண்டு மனதுக்குள்ள கூட்டிக் கழிச்சுப் பார்த்தன். இல்ல. லேஞ்சியை வாங்கிக் கட்டினன். என்ட மனிசனும் ஏன் தனக்கு மட்டும் குறை எண்டு ஒரு துவாயைக் கட்டிக்கொண்டார்.

தேய்க்கிற கல்லுத் தேடி ஒரு இடமும் போகல்ல. செயற்கைப் பல்லைத் தேய்ச்செடுக்கிற மெசினை என்ட மனிசன் முன்னறையில இருந்து தூக்கிக்கொண்டு வந்தார். பயத்தங்காய்ப் பருமனில ஒரு கைபிடி, அதின்ட நுனியில சின்ன வெட்டுப்பல். அண்ணன் சிலிண்டருக்குள்ள தூள் விழாமல் கிறீஸ் பூசித் துணி அடைச்சு, விளிம்பில கோடு கீறி, குனிஞ்சார். ஙொய்ங் எண்டு சத்தம். எனக்குப் பல்லுக் கூசிச்சு. ஒவ்வொரு முறை அவர் கை அசையவும் "காணும், காணும்!" எண்டு கத்த வாய் வருது, லேஞ்சி தடுக்குது. கை ரெண்டையும் பிசைஞ்சுகொண்டு நிண்டன். கொஞ்சம் தேய்ப்பார், ஊதுவார், மா வைச்சுப் பார்ப்பார், திரும்பத் தேய்ப்பார். அப்பிடி ஒரு பொறுமை அவருக்கு எங்க இருந்து வந்திச்சோ தெரியா, எங்கட குடும்பத்தில அந்தச் சாமான் இல்ல.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், மூண்டு பேர் ஒரு காரைச் சுத்தி நிக்கிறதைக் கண்டு வாசலிலயே நிண்டிட்டாள். "என்னகா, திரும்பவும் கொரோனாவா?" எண்டு கேட்டாள். நான் கையால கறிவேப்பிலை மரத்தைக் காட்டினன். அவள் கறிவேப்பிலையும் பறிக்காமல் ஓடிட்டாள்.

நாலாவது பிறையும் முடிஞ்சு, கடைசியா மா வைச்சுச் சுத்திக் கழட்டினார். நாலு உருண்டையும் தடிப்பா, ஒரு வெட்டும் இல்லாமல் நிண்டுது. அண்ணன் நிமிர்ந்து லேஞ்சியை அவிழ்த்தார். "இனி நீ கத்தலாம்" எண்டார். எனக்குக் கத்த ஒண்டும் வரல்ல. நல்லாச் செய்தீங்க எண்டு சொல்லத்தான் வந்தது, அதையும் சொன்னன். அவர் காது கேட்காத மாதிரிக் கேஸ்கட்டை எடுத்தார்.

பூட்டுறது அதுக்குப் பிறகு வேகமா நடந்தது. நடுவில இருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமா நட்டு இறுக்கினம். இப்ப ஸ்பானர் என்ட கையில இருந்து நேரே அண்ணன்ட கைக்குப் போச்சு. வேலை போன என்ட மனிசன் தானும் ஏதாவது செய்யணும் எண்டு பிளக் வயரெல்லாத்தையும் கொளுவினார். நான் உள்ள ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணினன். எஞ்சின் சுத்துது, இருமுது, காபரேட்டரால ஒரு வெடி வெடிக்குது, நிக்குது. திரும்பவும் அதேதான். அண்ணன்ட முகம் கறுத்துப்போச்சு. வெட்டினது பிழையாப் போயிட்டோ எண்டு அவர் நினைக்கிறார், எனக்குத் தெரியுது.

மறுகா அவர் வயரைப் பார்த்தார். "ஆர் இதைக் கொளுவினது?"

"நான்தான் மச்சான். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. பல்லு வரிசை மாதிரி அழகா வைச்சிருக்கன்."

"ஐயோ மச்சான், எஞ்சின் அந்த வரிசையில வெடிக்காது! ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு!"

மாத்திக் கொளுவி, திரும்ப ஒருக்கா ஸ்டார்ட்டரை அமத்தினன். பட்டெண்டு பிடிச்சிட்டுது! அடேயப்பா, அந்தச் சத்தம்! முந்தினதை விடக் கொஞ்சம் தடிச்ச குரல். கொட்டில் தகரமெல்லாம் அதிருது. நான் சீட்டில இருந்து துள்ளினன், என்ட மனிசன் துவாயைச் சுழட்டி ஆடினார், அண்ணன் ஹெட்டில கையை வைச்சுக்கொண்டு நிண்டு சிரிச்சார். ஒழுங்கைச் சனமெல்லாம் கேற்றுக்கு வந்திட்டு. "இனி மேல்பாதி என்ட, கீழ்பாதி உன்ட" எண்டார் அண்ணன். "ஓட்டுறது நான்" எண்டன். "ஓட்டு, ஓட்டு, ஆர் வேண்டாம் எண்டது?" எண்டார்.

பின்னேரம் அண்ணனை நானே காரில கொண்டுபோய் மண்டூரில விடுறது எண்டு முடிவாச்சு. மனிசன் மோட்டச்சைக்கிளில பின்னால வாறன் எண்டார். கொட்டிலைக் கூட்டி ஒதுக்கக்குள்ள, ஓரத்தில கிடந்த பழைய ஹெட்டைக் காலால தள்ளி, "நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வருவான், குடுத்திடுறன்" எண்டன்.

அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தவர் நிப்பாட்டினார். "தங்கச்சி, அதை எனக்குத் தாறியா?"

"இதையா? வெடிச்சுக் கிடக்கு. இதை வைச்சு என்ன செய்யப் போறீங்க?"

அவர் ஈரக் கையைத் துடைச்சார். "ஒண்டும் செய்யல்ல. அப்பாட சாமான் எண்டு என்னட்ட ஒண்டும் இல்ல."

வீடு, வளவு, கிணறு, கொட்டில், கட்டில், கண்ணாடி, எல்லாம் என்ட பக்கம். அவர் வேட்டி சட்டையோட வாவியைக் கடந்து போனவர். அது எங்கட வழக்கம், அதில பிழை எண்டு நான் சொல்லல்ல. ஆனா இவ்வளவு காலமும் சண்டை காருக்கு எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

போய் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தன். ரெண்டு பேரும் குந்தியிருந்து அதைத் துடைச்சம். கரி போகப் போக, ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில அப்பா ஆணியால குத்தின புள்ளிகள் தெரிஞ்சுது. எது எந்த இடத்து வால்வ் எண்டு மாறிப்போகாமல் இருக்க அவர் வைச்ச அடையாளம். அண்ணன் பெருவிரலால அதைத் தடவினார். அப்பாட கைப்பட்ட இரும்பு எண்டு நினைக்க எனக்கும் விட மனம் வரல்ல. ஆனா விட்டன்.

காரில ஏறக்குள்ள, "நீங்க ஓட்டுறீங்களா?" எண்டு சாவியை நீட்டினன். உண்மையாத்தான் நீட்டினன். அவர் ஹெட்டை மடியில வைச்சு ரெண்டு கையாலயும் அணைச்சுக்கொண்டு, "கையில சாமான் கிடக்கு, நீயே ஓட்டு" எண்டார். குருமண்வெளியில பாதைப் படகில காரை ஏத்தினம். படகில நிண்ட சனமெல்லாம் காரைச் சுத்திப் பார்க்குது, கேள்வி கேட்குது, அண்ணன் பெரிய எஞ்சின்ட பெருமை பேசிக்கொண்டு வாறார். மடியில இருக்கிற பாரத்தைக் கீழ வைக்கச் சொன்னன். கேட்கல்ல.

மண்டூரில மச்சாள் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். என்னைக் கண்டு வாயில கையை வைச்சாள், மறுகா அண்ணன்ட மடியைப் பார்த்தாள்.

"இதென்ன இரும்பு? உங்கட ஹெட்டைத் திருப்பித் தந்திட்டாங்களா?"

"இல்ல" எண்டார் அண்ணன். இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ள போனார். "அப்பா தந்தது."

மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"ஓம் மச்சாள்" எண்டன் நான். "அப்பா அண்ணனுக்குத் தந்தது."